கன்றிறைச்சி வேகும் வீட்டில் ஐந்து நாட்கள்

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் நான் ஐந்து நாட்கள் தங்கினேன். அவற்றில் நான்கு நாட்களுக்கு மேல் ஒரேயொரு வசனத்தைச் சொல்லத் துணிவு தேடுவதில் கழிந்தன. மிச்ச நேரத்தில் நன்றாகச் சாப்பிட்டேன், ரயிலில் நித்திரையாகி இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன், கன்றுக்குட்டியின் கால் எலும்பைப் பற்றி என் வயதில் ஒரு சைவக்காரன் அறிந்திருக்கத் தேவையில்லாத பலவற்றை அறிந்துகொண்டேன்.

என் தம்பி நேசனின் ஐம்பதாவது பிறந்த நாளுக்காகப் போனேன். எனக்கு அறுபத்தெட்டு. நாற்பது வருடம் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்துவிட்டு இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் தனியாக இருக்கிறேன். நேசன் எண்பதுகளின் நடுவில் ஒரு தோள்பையோடு கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அகதி முகாம்கள் சில கடந்து, ஹம் நகரத்தில் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கியவன். அங்கேயே இலைவகை வெட்டி, பிறகு மா பிசைந்து, கடைசியில் பெரிய அடுப்புக்கு வந்தான். கன்றிறைச்சிதான் அந்தக் கடையின் பெயர்பெற்ற பண்டம். முதலாளி வயதாகிக் கடையை மூடியபின் நேசன் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் உருளைக்கிழங்கு அவிக்கிறான். இத்தாலியச் சமையல் இப்போது அவனுடைய வீட்டில் மட்டும்தான்.

அவனுடைய மனைவி ரீற்றா மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண். ஜெர்மனியில் சந்தித்துக் கட்டிக்கொண்டார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒரு மகள், வேறு நகரத்தில் தொழிற்பயிற்சியில் இருப்பதால் அந்தக் கிழமை லீவு கிடைக்கவில்லை.

நான் செய்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன், போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலத்தில், இருவரும் ஊருக்கு வந்தார்கள். அம்மா அப்போது படுக்கையில் இருந்தா. வந்த மறுநாள் விடிய ரீற்றா எழும்பிக் குளித்து, எங்கள் குசினிக்குள் போய், மாமிக்கென்று புட்டு அவித்தாள். நான் வாசலில் நின்று, "நீங்கள் விருந்தாளி பிள்ளை, முன்னுக்குப் போய் இருங்கோ" என்று மிகவும் மரியாதையாக அவளை வெளியேற்றினேன். அவள் போனதும் புட்டைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். பாத்திரத்தை மஞ்சள் தண்ணீரால் கழுவினேன். மாட்டிறைச்சி சமைக்கிற கை, சாப்பிடுகிற வாய் என்பது என் எண்ணம். அம்மா, "மருமேள் அவிச்ச புட்டு எங்கையடா?" என்று கேட்டபோது, பார்க்க வந்திருந்த அயலவர்களுக்கு முன்னால், "அது சரியா அவியேல்லை அம்மா, மாவாக் கிடக்கு" என்றேன். ரீற்றா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் முந்தியே அவர்கள் திரும்பிப் போனார்கள். நாலு மாதத்தில் அம்மா போய்விட்டா.

அதற்காக மன்னிப்புக் கேட்பதுதான் நான் சொல்லவேண்டியிருந்த வசனம்.

புதன்கிழமை பிராங்பேர்ட் விமான நிலையத்தில் நேசன் ஒரு தடித்த மேலங்கியோடு நின்றான். "அண்ணை, முதல் இதைப் போடுங்கோ. பிறகு சுகம் விசாரிப்பம்" என்றான். ஒக்டோபர் மாதம்தான், ஆனாலும் என் மூக்கு எனக்குச் சொந்தமில்லாதது போலிருந்தது.

ரயிலில் எங்களுக்கு எதிரே கழுத்துப்பட்டி கட்டிய இருவர் கடுமையாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஏதோ பெரிய அரசியல் என்று நினைத்து நேசனிடம் விசாரித்தேன்.

"ரெயின் ஆறு நிமிசம் பிந்திட்டுதாம். இந்த நாடு இனி உருப்படாதாம்."

"எங்கட ஊருக்கு ரெயின் வந்தே பதினைஞ்சு வருசத்துக்கு மேல எண்டு சொல்லிவிடன்."

"சொன்னா நம்பமாட்டினம் அண்ணை. விடுங்கோ, பாவங்கள்."

இருவரும் சிரித்தோம். ரீற்றா கட்டிக்கொடுத்த உருளைக்கிழங்கு ரொட்டியைச் சாப்பிட்டோம். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். முதல் நாளே வேண்டாம் என்று எனக்கு நானே ஒத்திவைத்தேன்.

வீடு மூன்றாம் மாடியில். ரீற்றா கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை, நல்லாக் களைச்சுப் போனியள்" என்றாள். முகத்தில் எதையும் மறைத்துவைத்த மாதிரித் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சோறு, பருப்பு, பயித்தங்காய்க் கறி, தேங்காய்ப்பால் சொதி. எல்லாப் பாத்திரமும் புத்தம் புதிது, ஒவ்வொன்றும் துவாயில் சுற்றியிருந்தது. குசினியிலிருந்து மேசைக்குப் பத்தடி தூரம். அதற்கு ஏன் துவாய் என்று நான் யோசிக்கவில்லை. ருசியில் மூழ்கிப்போனேன். நேசனும் என்னோடு சோறும் சொதியும் சாப்பிட்டான். அண்ணனுக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு வெளியே உள்ள அம்மன் கோயிலுக்குப் போனேன். தொழிற்சாலைகளுக்கு நடுவில் கோபுரம் நிற்கிறது. பஸ்ஸில் ஒரு ஜெர்மன் கிழவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே இறங்கவேண்டிய தரிப்பைக் கை காட்டினார். கோயிலில் ஐயரைவிடச் செருப்புகள்தான் என்னைக் கவர்ந்தன. மழைச் சேறு படிந்த கனத்த சப்பாத்துகள், குழந்தைகளின் றப்பர் பூட்ஸ் எல்லாம் வரிசையாக, சோடி மாறாமல். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் ஒருநாளும் இப்படிக் கண்டதில்லை. அம்மனிடம் துணிவு கேட்டேன். வீட்டுக்கு வரும்போது மூக்கடைத்துத் தடிமன் மட்டும் வந்திருந்தது.

பின்னேரம் நேசன் வேலையால் வந்து கைகழுவிவிட்டு, "ரீற்றாவுக்கு இண்டைக்கு முழுநாள் வேலை. அவளுக்கு ஸ்கலோப்பினே செய்யப்போறன். மணம் ஒத்துவராட்டி நீங்கள் முன் அறையில இருங்கோ அண்ணை" என்றான். நான் போகவில்லை. குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தேன்.

கன்றிறைச்சி நான் நினைத்ததுபோல் சிவப்பாக இல்லை. வெளிறிய ரோசா நிறம். மெல்லிய துண்டுகளைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, ஒரு சின்னச் சட்டியின் அடியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டினான். "அடிக்கிறேல்லை அண்ணை, தள்ளுறது. அடிச்சாக் கிழிஞ்சுபோகும்." பிறகு கோதுமை மாவில் புரட்டி, மிச்ச மாவைத் தட்டிவிட்டான். வெண்ணெய் நுரைத்து அடங்குகிற அந்தக் கணத்தில் துண்டுகளை இட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம்கூட விடாமல் திருப்பி, எடுத்துவைத்துவிட்டு, அதே சட்டியில் வெள்ளை வைனும் எலுமிச்சைச் சாறும் ஊற்றிச் சுரண்டினான். ஒட்டியிருந்த மா அந்தச் சாற்றைத் தடிப்பாக்கியது. மாச்சத்து எப்படித் தடிக்கும் என்று நான் நாற்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது இவ்வளவு அழகாக மினுங்கும் என்று எனக்குத் தெரியாது.

மணம் நன்றாக இருந்தது. இதை எழுதத் தயங்கினேன், ஆனால் அது உண்மை.

ரீற்றா வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "உப்புக் குறைவு, தேசிப்புளி கூட" என்றாள்.

"உவளுக்கு இருபது வருசமாச் சமைக்கிறன், ஒருநாளும் நல்லாயிருக்கெண்டு சொன்னதில்லை" என்று நேசன் என்னிடம் முறையிட்டான்.

"நல்லாயிருக்கெண்டு சொன்னா அடுத்தமுறை கவனமில்லாமல் செய்வியள்."

வெள்ளிக்கிழமை இருவரும் வேலைக்குப் போய்விட, நேசனுக்கு ஒரு நீளக்கைச் சேட் வாங்குவதற்காகத் தனியே டோர்ட்முண்ட் போனேன். வாங்கினேன். திரும்பும்போது ரயிலின் வெப்பமும் அரைவாசி தடிமனும் சேர்ந்து கண்ணை மூடவைத்தன. யாரோ தோளைத் தட்டியபோது விழித்தேன். ஹம் நகரம் எப்போதோ போய்விட்டது. சோஸ்ட் என்ற ஊர் வந்துகொண்டிருந்தது. தட்டியவர் டிக்கெட் பரிசோதகர். என் டிக்கெட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த வெள்ளைத் தலைமயிர் அம்மா ஒருவர் உடனே அவரோடு வாதாடத் தொடங்கினார். பிறகு எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "அவர் சொல்கிறார், உங்கள் டிக்கெட் ஹம் வரைக்கும்தான். நான் சொன்னேன், இந்த மனிதரும் ஹம் வரைக்கும்தான் பயணம் செய்தார், மிச்சத்துக்கு வெறுமனே தூங்கினார்."

பரிசோதகர் சிரிக்கவில்லை. ஆனால் அபராதம் எழுதவும் இல்லை. அந்த அம்மாவும் முன்னாள் ஆசிரியை. சோஸ்ட் நிலையத்தில் என்னைச் சரியான மேடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மாணவனைப் பார்ப்பதுபோல், "இனித் தூங்கக்கூடாது" என்று விரலை ஆட்டினார்.

இதனால் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்து மணியை அழுத்தினால், மூன்றாம் மாடியில் பதிலில்லை. கீழ்வீட்டுக் கிழவி வெளிக்கதவைத் திறந்துவிட்டு, மூக்கால் இரண்டு தரம் மோந்து காட்டி, விரலை நிலத்தை நோக்கி நீட்டினாள். கறிவேப்பிலை பொரிகிற மணம் நிலவறைப் படியால் ஏறி வந்துகொண்டிருந்தது.

இறங்கிப் போனேன். ஜெர்மன் வீடுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழே மரச்சட்டம் அடித்த ஒரு சிறு அறை உண்டு, கெல்லர் என்பார்கள். பழைய சைக்கிள், குளிர்காலத்து ரயர்கள், சூட்கேசுகள். அவற்றுக்கு நடுவில், கோட்டும் கழுத்துச் சால்வையுமாக, ஒரு பிளாஸ்ரிக் முக்காலியில் ரீற்றா இருந்தாள். முன்னால் ஒற்றை மின்னடுப்பு. அதன்மேல் என் சொதி.

"ஐயோ அண்ணை, இஞ்ச ஏன் வந்தனீங்கள்? குளிர்!"

"நீ ஏன் பிள்ளை இஞ்ச இருந்து சமைக்கிறாய்?"

"மேல அடுப்பில மாடு சமைக்கிறனாங்கள்தானே. அந்தச் சட்டி, அந்த அகப்பை ஒண்டும் உங்களுக்கு ஏலாது. இது எல்லாம் புதுசு. ஒரு இறைச்சியும் படேல்லை, பயப்பிடாதேங்கோ."

அந்தக் கட்டடத்தில் விளக்குகள் சில நிமிடத்தில் தாமாகவே அணைந்துவிடும். அப்போது அணைந்தது. ரீற்றா எழும்பித் தடவிப் போட்டாள். "சொதி முறியுமுன்னம் இறக்கவேணும். நீங்கள் மேல போங்கோ, வீட்டுத் திறப்பு இந்தாங்கோ" என்றாள். மூன்று நாளாக, எட்டு மணித்தியாலம் முதியவர்களைத் தூக்கி இருத்திவிட்டு வந்து, அறுபது படி இறங்கிச் சமைத்து, அறுபது படி ஏறிக் கொண்டுவந்திருக்கிறாள். சூடு போகாமல் இருக்கத்தான் துவாய்.

வசனம் தொண்டைவரை வந்தது. திறப்பை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். அன்றிரவு சொதி மிகவும் நன்றாக இருந்தது, என்னால்தான் விழுங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை நேசன் என்னை இறைச்சிக்கடைக்குக் கூட்டிப்போனான். ஞாயிறு பிறந்த நாள் சாப்பாட்டுக்கு ஓசோபுக்கோ செய்யப்போகிறான். கன்றின் பின்னங்காலை எலும்போடு குறுக்காக அரிந்து, நீண்ட நேரம் வேகவைக்கிற பண்டம். விருந்தாளி ஒரேயொருவர், அவனுடைய பழைய முதலாளி பெப்பே. கடைக்காரர் நேசனைக் கண்டதும் கத்தியைத் தீட்டிக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"இந்த ஊரிலேயே கரைச்சல் பிடிச்ச ஆள் வந்திட்டானாம்."

கரைச்சல்தான். நாலு விரல் தடிப்பு வேண்டாம், மூன்று வேண்டும் என்றான். எலும்பின் துளை நடுவில் இல்லாத துண்டைத் திருப்பிக் கொடுத்தான். துளைக்குள் இருக்கும் மச்சை வெள்ளையா என்று குனிந்து பார்த்தான். சுற்றியிருக்கும் சவ்வில் இரண்டு இடத்தில் கீறாவிட்டால் வேகும்போது துண்டு கிண்ணம்போலச் சுருண்டுவிடும் என்று எனக்கு விளக்கினான். எங்கள் வீட்டில் எல்லோரிலும் படிப்பில் குறைந்தவன் என்று நான் முடிவுகட்டியிருந்த தம்பி, ஒரு பேராசிரியரைப்போல் நின்றான்.

பஸ்ஸில், இறைச்சிப் பை அவனுடைய மடியில் இருக்க, நான் தொடங்கினேன்.

"நேசன், அண்டைக்கு ஊரில நான் செய்தது பெரிய பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவன் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னட்ட ஏன் சொல்லுறியள்? என்னை நீங்கள் குசினியால கலைக்கேல்லையே."

"அவளிட்டச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை."

"எனக்கும் அண்டைக்கு வரேல்லை அண்ணை. நான் கிணத்தடியில நிண்டு எல்லாம் பாத்தனான். நீங்கள் தொட்டியில கொட்டினதையும் பாத்தனான். வாயைத் திறக்கேல்லை. பெரியண்ணையோட எப்பிடிக் கதைக்கிறது எண்டு நிண்டனான். பிளேனில வரேக்க அவளிட்ட அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டனான். என்ர பங்கு முடிஞ்சுது. உங்கட பங்கை நான் தூக்கேலாது."

கோபமில்லாமல் சொன்னான். அடுத்த தரிப்பில் ஒரு பெண் குழந்தைவண்டியோடு ஏற, எழும்பி இடம் விட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து, "ஓசோபுக்கோவுக்கு எலுமிச்சைத் தோல் சீவ ஒராள் வேணும், நாளைக்கு நீங்கள்தான்" என்றான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே தொடங்கிவிட்டோம். நேசன் ஒவ்வொரு துண்டையும் வெள்ளை நூலால் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். மாவில் புரட்டி, அடிப்பாகம் கனத்த பெரிய சட்டியில், அவசரப்படாமல், இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சிவக்கவைத்தான். அவற்றை எடுத்துவிட்டு அதே கொழுப்பில் பொடிப்பொடியாக வெட்டிய வெங்காயம், கரட், செலரி. பிறகு வைன், அது வற்றியபின் எலும்புச் சாறு. துண்டுகளைத் திரும்ப அடுக்கி மூடி, அடுப்பை மிகக் குறைத்தான். "இனி இரண்டு மணித்தியாலம். கொதிக்கவிடேலாது. முணுமுணுக்க மட்டும் விடவேணும்."

நான் எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும், வெள்ளை படாமல் சீவினேன். வெள்ளுள்ளியும் பார்ஸ்லி இலையும் சேர்த்து அரிந்து கடைசியில் மேலே தூவுவதற்கு. என் வேலையை நேசன் இரண்டு தரம் திருப்பித் தந்தான்.

பதினொரு மணிபோல் மூடியைத் திறந்து, கண்ணை மூடி ஆவியை மோந்தான். இறைச்சி எலும்பைவிட்டு ஒரு நகம் அளவு விலகியிருப்பதைப் பார்த்தான். பிறகு அறைப்பக்கம் திரும்பி, "ரீற்றா, உப்பு!" என்று கூப்பிட்டான். அவள் வந்து கரண்டியால் சாற்றை எடுத்து ஊதிக் குடித்து, "இன்னும் ஒரு கிள்ளு" என்றாள்.

"நீ பாக்கமாட்டியே?" என்று நேசனிடம் கேட்டேன்.

"நான் வாயில வைக்கிறேல்லை அண்ணை."

"இதையோ?"

"மாடு, கண்டுக்குட்டி ஒண்டும். இருபது வருசமா ஒரு துளியும் இல்லை. கடையில பெப்பே பாப்பார், வீட்டில இவள். மிச்சமெல்லாம் மணத்தில தெரியும். உப்புத்தான் மணக்காது."

அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்தது நிம்மதி. அதை மறைக்கமுடியாது. என் தம்பி தொடவில்லை. அம்மாவின் பிள்ளை தொடவில்லை. நெஞ்சில் இருந்த பெரிய பாரம் இறங்கியதுபோல் ஒரு மூச்சு விட்டேன். அப்போது ரீற்றா கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் மூச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. தம்பி சுத்தம் என்றால் மிச்சம் யார்? மூன்று வருடத்துக்குப் பிறகு, அவளுடைய சொந்தக் குசினியில் நின்றுகொண்டே, ஒரு மூச்சால் அவளை மறுபடியும் வெளியே விட்டிருந்தேன்.

"ரீற்றா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஊரில உன்னை நான் குசினியால வெளியில விட்டனான். நீ மாமிக்கு அவிச்ச புட்டை மாட்டுக்குக் கொட்டினனான். அது சரியான பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

நேசன் அடுப்பைப் பார்த்தபடி நின்றான். ரீற்றா கையைத் துடைத்தாள். அதற்கு அதிக நேரம் எடுத்தாள்.

"வெளியில விட்டது எனக்குப் புதுசில்லை, அண்ணை. நான் வேலைக்குச் சேர்ந்த நேரம் அங்க ஒரு கிழவி ஆறு மாசம் என்ர கையால தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை. பிறகு நான் இல்லாட்டிச் சாப்பிடமாட்டன் எண்டு நிண்டவ. மனுசர் அப்பிடித்தான். கொட்டினதையும் விடுங்கோ, மாடு எண்டாலும் சாப்பிட்டுதுதானே. ஆனா புட்டு அவியேல்லை எண்டு மாமியிட்டச் சொன்னியள்."

"ஓம்."

"என்ர புட்டு அவியேல்லையோ?"

"அவிஞ்சிருந்தது. பூப்போல இருந்தது. கொட்டேக்க பாத்தனான்."

"அவ செத்துப்போகுமட்டும், ஒரு புட்டு அவிக்கத் தெரியாத மருமேள் எண்டெல்லோ நினைச்சிருப்பா." அவளுடைய குரல் அந்த இடத்தில்தான் உடைந்தது. "எனக்கு உங்கட மன்னிப்பு வேண்டாம் அண்ணை. அந்தப் பொய்யை நாலு பேருக்கு முன்னால சொன்னனீங்கள். உண்மையையும் நாலு பேருக்கு முன்னால சொல்லுங்கோ."

"நாலு பேருக்கு எங்க போறது? பெப்பே மட்டும்தானே வாறார்" என்றான் நேசன்.

"அவரே நாலு பேருக்குச் சமன்" என்று மூக்கை உறிஞ்சினாள். "சரி, நான் கீழ போய் அண்ணைக்குச் சொதி வைச்சிட்டு வாறன்."

"இஞ்சயே வை பிள்ளை" என்றேன்.

"இது மாடு வேகிற அடுப்பு."

"தெரியும்."

"தெறிக்கும்."

"தெறிக்கட்டும்."

பெரிய சட்டிக்குப் பக்கத்து வளையத்தில் என் சின்னச் சட்டி ஏறியது. இரண்டு ஆவியும் சேர்ந்து ஒரே யன்னலால் வெளியே போயின. நான் இறைச்சி சாப்பிடவில்லை. இந்த வயதில் அது என்னால் ஏலாது. அதை நான் சாப்பிடவேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

பன்னிரண்டரைக்குப் பெப்பே வந்தார். மிலானோவுக்குப் பக்கத்து ஊர்க்காரர், உருண்டையான மனிதர். அந்தக் கோடையில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை ஜெர்மனியிலேயே வந்து இத்தாலி வென்றிருந்தது. அதைக் கீழ்வீட்டுக் கிழவிக்கு ஞாபகமூட்டுவதற்காகவே நீலக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி ஜெர்மனில் நீண்ட நேரம் கதைத்தார். நேசன் சுருக்கினான்: "என்னை அனுப்பினதுக்கு உங்களுக்கு நன்றியாம். நீங்கள் அனுப்பேல்லை எண்டு நான் சொல்லேல்லை."

குங்குமப்பூச் சோற்றின் மேல் ஓசோபுக்கோ வந்தது. எனக்கும் நேசனுக்கும் எலும்புச் சாறு சேராத சோறு, சொதி. பெப்பே எல்லாவற்றுக்கும் முதல் ஒரு சின்னக் கரண்டியை எலும்புத் துளைக்குள் விட்டு மச்சையைத் தோண்டி எடுத்து, கண்ணை மூடினார். "உப்புப் பார்த்தது யார்?" என்று கேட்டார். நேசன் ரீற்றாவைக் காட்டினான். பெப்பே வைன் கிளாசை அவளை நோக்கி உயர்த்தினார்.

ரீற்றா என்னைப் பார்த்தாள்.

எழும்பி நின்றேன். வகுப்பில் நிற்பதுபோல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் தம்பியின் மனைவி என் அம்மாவுக்குப் புட்டு அவித்தாள், அதை நான் மாட்டுக்குக் கொட்டினேன், அவியவில்லை என்று பொய் சொன்னேன், அது நன்றாக அவிந்திருந்தது என்று ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். நேசன் ஒவ்வொன்றாக ஜெர்மனுக்கு மாற்றினான். புட்டு என்றால் என்ன என்று விளக்குவதில் கொஞ்ச நேரம் போயிற்று. பெப்பே முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீதிபதியைப்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாடு சாப்பிட்டதோ எண்டு கேக்கிறார்."

"சாப்பிட்டது. தொட்டியையும் நக்கினது."

"அப்ப நல்ல புட்டு எண்டு அவர் சொல்லுறார்."

எல்லோரும் சிரித்தோம், ரீற்றாவும்கூட. உட்காரலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் சிரிப்பு முடிவதற்குள் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணை, நான் மாடு சமைக்கிற வீட்டுக்காரி, சாப்பிடுற ஆள் எண்டு மாமிக்குத் தெரியுமோ?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியும். நீங்கள் வந்த அண்டிரவே சொன்னனான். உன்ர கையால ஒண்டும் வாங்கவேண்டாம் எண்டு சொல்லத்தான் சொன்னனான்."

"அதுக்குப் பிறகுமோ என்ர புட்டைக் கேட்டவ?"

"ஓம். அதுக்குப் பிறகுதான் கேட்டவ."

ரீற்றா எழும்பினாள். கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். பெப்பே எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று கேட்டு நேசனின் முழங்கையைத் தட்டினார். நேசன் வாயைத் திறந்தான்.

"இஞ்சாருங்கோ" என்று ரீற்றா அவனை மறித்தாள். "அதைச் சொல்லாதேங்கோ. அது எனக்குச் சொன்னது."